நியாயமான ஏற்பாடு என்றால் என்ன? வேலை தேடும் பார்வையற்றவருக்குச் சட்டம் தரும் உரிமை

கல்லூரியில் படித்த காலத்தில் ஓர் அண்ணனுக்காக அரசுத் தேர்வு எழுதப் போனேன். அவருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. கேள்வியை நான் வாசிப்பேன், அவர் விடையைச் சொல்வார், நான் குறிப்பேன். இந்த வேலையைச் செய்பவரை 'ஸ்கிரைப்' என்பார்கள். பாதித் தேர்வில் ஒரு வட்ட விளக்கப்படம் வந்தது. ஒரு குடும்பத்தின் மாதச் செலவு, ஆறு நிறத்தில் ஆறு துண்டு. "மேல வலது பக்கம் நீலம், அதுக்குக் கீழ பச்சை..." என்று நான் தடுமாற, அவர் என் முழங்கையைத் தொட்டு நிறுத்தினார். "தம்பி, கலரை விடு. சாப்பாடு எவ்வளவு, வாடகை எவ்வளவு, எண்ணை மட்டும் வரிசையா சொல்லு." சொன்னேன். கடைசி எண் என் வாயிலிருந்து வந்து முடிவதற்குள் விடையைச் சொல்லிவிட்டார்.

மூன்று மணி நேரம் முடிந்ததும் தேர்வறை மேற்பார்வையாளர் விடைத்தாளை வாங்க வந்தார். இவருக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்றேன். அப்படி ஒரு விதி தனக்குத் தெரியாது என்றார் அவர். அண்ணன் பதறவில்லை. பையைத் துழாவி, பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு சுற்றறிக்கை நகலை எடுத்து நீட்டினார். மடித்து மடித்து நடுவில் கிழிந்து, செல்லோ டேப் ஒட்டிய தாள். அதைத் தலைமைக் கண்காணிப்பாளரிடம் கொண்டு போய்க் காட்டி, ஒப்புதல் வாங்கித் திரும்புவதற்குள் கால் மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. கூடுதல் நேரத்தில் கால் பங்கு, அது தனக்கு உண்டு என்று நிரூபிப்பதிலேயே கரைந்தது.

அன்று அவருக்குக் கிடைத்த ஸ்கிரைப், கிடைக்கப் போராட வேண்டியிருந்த கூடுதல் நேரம் இரண்டுக்கும் சட்டத்தில் ஒரே பெயர்தான். 'ரீசனபிள் அக்காமடேஷன்' என்பார்கள். தமிழில் பல விதமாக மொழிபெயர்க்கிறார்கள். இந்தக் கட்டுரையில் 'நியாயமான ஏற்பாடு' என்று வைத்துக்கொள்கிறேன். பார்வையற்றவர் வேலை தேடும்போது வேறெந்தச் சட்டச் சொல்லையும்விட அதிகம் தேவைப்படுவது இதுதான். ஆனால் தமிழில் இதைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. இடஒதுக்கீடு தெரிந்த அளவுக்கு இது யாருக்கும் தெரிவதில்லை.

சட்டத்தில் எங்கே இருக்கிறது

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்த ஐ.நா. உடன்படிக்கை 2006 டிசம்பரில் நிறைவேறியது. இந்தியா 2007 அக்டோபரில் அதை உறுதி செய்தது. அதன்படி உள்நாட்டுச் சட்டத்தை மாற்ற வேண்டிய கடமை வந்தது. 1995 சட்டத்தின் இடத்தில் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 வந்தது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது.

இந்தச் சட்டத்தின் 2ஆம் பிரிவு சொற்களுக்குப் பொருள் சொல்கிறது. அதில் நியாயமான ஏற்பாடு என்பதற்குத் தரும் விளக்கத்தைப் பேச்சுத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: ஒரு மாற்றுத்திறனாளி மற்றவர்களுக்குச் சமமாகத் தன் உரிமையைப் பயன்படுத்துவதற்கு, அந்தக் குறிப்பிட்ட சூழலில் தேவையான, பொருத்தமான மாற்றத்தைச் செய்து கொடுப்பது, ஆனால் அந்த மாற்றம் செய்பவர் மீது அளவுக்கு மீறிய சுமையை ஏற்றக் கூடாது.

அதே பிரிவில், 'பாகுபாடு' என்ற சொல்லுக்கான விளக்கத்தில், நியாயமான ஏற்பாட்டை மறுப்பதும் பாகுபாடுதான் என்று எழுதியிருக்கிறார்கள். என் கணக்கில் முழுச் சட்டத்திலும் மிகக் கனமான வரி இது. "நாங்க யாரையும் வேணாம்னு சொல்லலையே, எல்லாருக்கும் ஒரே தேர்வு, ஒரே நேரம், ஒரே தாள்தானே வெச்சோம்" என்ற பதில் இந்த வரிக்கு முன்னால் நிற்காது. அச்சடித்த தாளை எல்லோருக்கும் ஒரே மாதிரி நீட்டினால், அதைப் படிக்க முடியாதவரை வெளியே நிறுத்தியதாகத்தான் அர்த்தம்.

மூன்று சொல், மூன்று பொருள்

இடஒதுக்கீடு, அணுகல்தன்மை, நியாயமான ஏற்பாடு மூன்றையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இடஒதுக்கீடு என்பது இடத்தைப் பற்றியது. அரசு நிறுவனங்களில் காலியிடங்களில் குறைந்தது 4% மாற்றுத்திறனாளிகளுக்கு. அதில் 1% பார்வையற்றவர்களுக்கும் குறைபார்வை உள்ளவர்களுக்கும். இதைக் கேட்க 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு இருப்பதாக மருத்துவச் சான்று வேண்டும். அந்த ஆண்டு தகுதியானவர் கிடைக்காவிட்டால் இடத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக வேண்டும், உடனே வேறொருவரைப் போட்டு நிரப்பக் கூடாது.

அணுகல்தன்மை என்பது முன்கூட்டியே செய்வது. யார் வரப்போகிறார்கள் என்று தெரியாமலே, வரக்கூடிய எல்லோருக்குமாக இணையதளத்தை, லிஃப்டை, அறிவிப்பைச் சரியாக அமைத்து வைப்பது. நியாயமான ஏற்பாடு என்பது ஓர் ஆள் வந்து நின்ற பிறகு, அவரைக் கேட்டு, அவருக்கென்று செய்வது. லிஃப்டில் ஒவ்வொரு தளத்தின் பெயரையும் குரல் சொல்வது அணுகல்தன்மை. வேலையில் சேர்ந்தவர், "எனக்கு வெளிச்சம் கண்ணைக் கூசும், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரணும்" என்று கேட்டு மேசையைத் திருப்பிப் போட்டால் அது நியாயமான ஏற்பாடு. 2024 நவம்பரில் ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த இரண்டும் வேறு வேறு, ஒன்றைச் செய்துவிட்டதால் மற்றதிலிருந்து தப்ப முடியாது என்று விளக்கியது. அணுகல்தன்மை விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்றும் சொன்னது.

ஏற்பாட்டைக் கேட்க 40% சான்று வேண்டுமா என்பது அடிக்கடி வரும் சந்தேகம். 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒருவர் குடிமைப் பணித் தேர்வுக்கு ஸ்கிரைப் கேட்டார். அவருடைய குறைபாடு அந்த வரையறைக்குள் வரவில்லை என்று மறுத்திருந்தார்கள். இடஒதுக்கீட்டுக்கு வைத்த அளவுகோலை ஏற்பாட்டுக்கும் வைக்காதே என்றது நீதிமன்றம். ஏற்பாடு என்பது தேவையைப் பொறுத்தது, சதவீதத்தைப் பொறுத்தது இல்லை.

யாரைப் பார்வையற்றவர் என்கிறோம்

கண்ணுக்கு எதுவுமே தெரியாதவர் மட்டும் என்று நினைக்க வேண்டாம். நல்ல கண்ணாடி போட்ட பிறகும், இரண்டில் தெளிவான கண்ணிலும் பார்வை 3/60க்குக் கீழே இருந்தால் சட்டம் பார்வையின்மை என்கிறது. மற்றவர் 60 மீட்டர் தூரத்தில் பார்ப்பதை இவர் 3 மீட்டர் அருகில் வந்தால்தான் பார்ப்பார். பார்வைப் புலம் 10 டிகிரிக்குள் சுருங்கினாலும் அப்படித்தான். ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல. 6/18க்கும் 3/60க்கும் இடைப்பட்டது குறைபார்வை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர் என்று எண்ணியது.

குறைபார்வை உள்ளவர்களின் சிக்கலே தனி. வெண்கோல் இல்லாமல் நடந்து வருவார்கள். எதிரில் நிற்பவரின் நிழலுருவம் தெரியும். ஆனால் தாளில் 12 புள்ளி எழுத்து தெரியாது. "நல்லாத்தானே நடந்து வந்தீங்க, இதை மட்டும் படிக்க முடியாதா?" என்ற கேள்வியை நேர்காணலிலும் கேட்பார்கள், தேர்வறையிலும் கேட்பார்கள். பார்வை என்பது சுவிட்ச் மாதிரி, ஒன்று முழுதாக எரியும், இல்லாவிட்டால் அணைந்திருக்கும் என்ற எண்ணம்தான் இதற்குக் காரணம். இவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் சின்ன விஷயம்: பெரிய எழுத்து, கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, கூசாத விளக்கு.

விண்ணப்பத்திலேயே தொடங்கும் தடை

வேலைக்கான தகுதியை யாராவது சோதிப்பதற்கு முன்பே பலர் வெளியேறிவிடுகிறார்கள். அது எப்படி என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

பார்வையற்றவர் கணினியை ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருளின் துணையோடு இயக்குகிறார். திரையில் உள்ளதை அது குரலில் வாசிக்கும். மவுஸ் கிடையாது, எல்லாம் விசைப்பலகைதான். டேப் விசையை அழுத்த அழுத்த அடுத்தடுத்த இடத்துக்குப் போகும். பழகியவர்கள் வைத்திருக்கும் வேகத்தில் நமக்கு அது பேச்சாகவே கேட்காது, அரிசியைத் தகரத்தில் கொட்டிய சத்தம் மாதிரி இருக்கும். இதில் என்விடிஏ என்ற மென்பொருள் முழுக்க இலவசம். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இரண்டு பேர், மைக்கேல் கரனும் ஜேம்ஸ் டேவும், 2006இல் தொடங்கியது. தமிழையும் வாசிக்கும். ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு எந்த விண்டோஸ் கணினியிலும் இயக்கலாம்.

இப்போது ஒரு வேலைவாய்ப்புத் தளத்தைத் திறக்கிறோம். தளத்தை அமைத்தவர் பெயர், பிறந்த தேதி என்ற பெட்டிகளுக்குப் பக்கத்தில் எழுத்தை வைத்திருக்கிறார், ஆனால் அந்த எழுத்து எந்தப் பெட்டிக்கு உரியது என்று நிரலில் இணைக்கவில்லை. கண்ணால் பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. ஸ்கிரீன் ரீடரோ "எடிட், எடிட், எடிட்" என்று சொல்லிக்கொண்டே போகும். எந்தப் பெட்டியில் எதை எழுதுவது? பிறந்த தேதியைத் தட்டி எழுத விடாமல் நாள்காட்டிப் படத்தில் சொடுக்கச் சொல்லும். கடைசியில் வளைந்து நெளிந்த எழுத்துப் படம் ஒன்று, அதைப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். கேப்சா என்பார்கள். ஒலி வடிவம் இல்லாவிட்டால் அந்த இடத்தில் விண்ணப்பம் நின்றுவிடும். யாரையாவது கூப்பிட்டுக் கேட்டுத் திரும்புவதற்குள் தளம் நேரம் முடிந்துவிட்டது என்று முதல் பக்கத்துக்குப் போய்விடும். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து நிரப்பியது போய்விடும்.

தமிழுக்கு என்றே ஒரு தடை உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. யூனிகோடு என்ற உலகப் பொது எழுத்துக் குறிமுறை வருவதற்கு முந்தைய எழுத்துருக்களில் இன்னும் சுற்றறிக்கைகளும் வினாத்தாள்களும் பாடங்களும் தட்டச்சாகின்றன. அப்படிப்பட்ட பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் கணினிக்குள் பதிவாவது ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ என்ற எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவத்தை மாட்டிவிடுவதால் நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிகிறது. ஸ்கிரீன் ரீடர் உருவத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் எழுத்தைத்தான் வாசிக்கும். "ஜே கே பி ஓ" என்று சொல்லும். ஒரு பக்க அறிவிப்பு முழுவதும் இப்படி ஒலித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடை அங்கீகரித்துவிட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை. அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, மறுபடி ஸ்கேன் செய்து வலையேற்றும் அறிவிப்புகள் இதைவிட மோசம். அது வெறும் படம், உள்ளே எழுத்தே கிடையாது.

வேலை கிடைத்த பிறகு சம்பளக் கணக்குத் தொடங்கவும் இதே கதை. வங்கிச் செயலி உங்கள் முகத்தைக் காட்டச் சொல்லி, வட்டத்துக்குள் வைத்துக் கண் சிமிட்டச் சொல்லும். உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில், அமில வீச்சில் முகமும் கண்ணும் சிதைந்தவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில், இணையவழிச் சேவையை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி, அடையாளச் சரிபார்ப்பை எல்லோருக்கும் இயலும்படி மாற்ற உத்தரவிட்டது.

தேர்வு அறை

இங்கே விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல்படி, ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம். ஸ்கிரைபைத் தானே அழைத்து வரலாம், தேர்வு நடத்துபவரிடமும் கேட்கலாம், முடிவு தேர்வெழுதுபவருடையது என்று அதில் இருந்தது; 2025இல் வந்த புதிய வழிகாட்டுதல் தேர்வு நடத்துபவரே ஸ்கிரைபைத் தரும் முறைக்கு மாறச் சொல்கிறது. பார்த்துப் பதில் சொல்ல வேண்டிய படக் கேள்விகளுக்குப் பதில் மாற்றுக் கேள்வி தரலாம். தொட்டுப் படிக்கும் பிரெயில், கணினி, பெரிய எழுத்துத் தாள் என்று எந்த வழியில் எழுதுவது என்பதையும் தேர்ந்தெடுக்கலாம்.

தானே அழைத்து வரும் ஸ்கிரைபின் படிப்பு தேர்வெழுதுபவரின் படிப்பைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்றது 2018 விதி. பட்டதாரிக்கு ப்ளஸ் டூ முடித்தவர் வேண்டியிருந்தது. முறைகேட்டைத் தடுக்க வைத்த விதி என்பது புரிகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, வேற்றூரில், சரளமாக வாசிக்கத் தெரிந்த, கணிதக் குறிகளைச் சொல்லத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவரைத் தேடுவது எவ்வளவு பெரிய அலைச்சல் என்பது தேடியவர்களுக்குத்தான் தெரியும். உடன் வர ஒப்புக்கொண்டவர் முந்தைய நாள் இரவு வரவில்லை என்று சொன்னால் ஓர் ஆண்டுத் தயாரிப்பு போய்விடும். ஸ்கிரைபாகப் போக நினைக்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஒப்புக்கொண்டால் போய்விடுங்கள், இல்லாவிட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முந்தைய நாளே ஒரு மணி நேரம் தேர்வரோடு உட்கார்ந்து அவர் எப்படி வாசிக்கச் சொல்கிறார் என்று பழகிக்கொள்ளுங்கள். கேள்வியை முதலில் வாசிக்கச் சொல்வாரா, நான்கு விடைகளையும் சேர்த்தா என்பதுகூட ஆளுக்கு ஆள் மாறும்.

நேர்காணலில் கேட்கும் கேள்வி

வணிகவியல் பட்டம் பெற்ற தோழி ஒருத்தி, முழுப் பார்வையற்றவள், ஒரு நேர்காணலுக்குப் போய்விட்டு வந்து சொன்னாள்: "முப்பது நிமிஷம் பேசினாங்க. டேலி அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேர் தெரியுமான்னு கேட்கவே இல்ல. எப்படி பஸ் ஏறுவீங்க, பாத்ரூம் எப்படிப் போவீங்க, வீட்ல யாரு சமைக்கிறாங்க, இதுதான்." கேட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. அக்கறையாகத்தான் கேட்டார்கள் என்று அவளே சொன்னாள். வேலையைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காத அக்கறையால் அவளுக்கு என்ன பயன்?

சரியான கேள்வி எளியது. "இந்த வேலையில் இன்னின்ன செய்ய வேண்டும். நீங்கள் எப்படிச் செய்வீர்கள்? எங்களிடம் என்ன வேண்டும்?" இந்த உரையாடல்தான் நியாயமான ஏற்பாட்டின் உயிர். விகாஷ் குமார் தீர்ப்பும் இதையே வலியுறுத்துகிறது: ஒவ்வொருவரின் தேவையும் வேறு என்பதால் அவரோடு பேசித்தான் ஏற்பாட்டை முடிவு செய்ய முடியும். ஒருவர் பிரெயில் படிப்பார், இன்னொருவருக்கு 35 வயதில் பார்வை போனதால் பிரெயிலே தெரியாது. "பார்வையற்றோருக்கான வசதி" என்று ஒரே பொட்டலம் கட்டி எல்லோருக்கும் கொடுக்க முடியாது.

வேலை தேடுபவருக்கும் ஒரு யோசனை. கேட்கும்போது பொதுவாக "எனக்கு உதவி வேண்டும்" என்று எழுதாதீர்கள். நேர்காணல் அழைப்பு வந்ததும் மின்னஞ்சலில் இப்படி எழுதலாம்: "எனக்கு முழுப் பார்வை இல்லை. கணினியை என்விடிஏ மென்பொருள் வழியாக இயக்குவேன். எழுத்துத் தேர்வு இருந்தால் வினாத்தாளை யூனிகோடில் வேர்டு கோப்பாகத் தர வேண்டும். தேர்வுக் கணினியில் என்விடிஏ நிறுவ அனுமதி வேண்டும். அது இலவசம், ஐந்து நிமிடத்தில் முடியும். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் வேண்டும்." கேட்டது என்ன, எதற்கு, எவ்வளவு செலவு என்பது தெளிவாக இருந்தால் மறுப்பவர் காரணம் சொல்லியாக வேண்டும். பல நிறுவனங்களில் மனிதவளத் துறை சம்மதித்தாலும் கணினிப் பிரிவு வெளி மென்பொருளையும் பென்டிரைவையும் தடுத்து வைத்திருக்கும். அதனால் முன்கூட்டியே எழுத்தில் கேட்பது முக்கியம்.

எது அளவு மீறிய சுமை?

பேருந்து ஓட்டுநர் வேலைக்குப் பார்வை வேண்டும். எந்த ஏற்பாடும் இதை மாற்றாது. அப்படியானால் கோடு எங்கே? ஒரு வேலையின் அடிப்படைச் செயல் எது, அதைச் செய்து வந்த வழக்கமான முறை எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கணக்காளரின் அடிப்படைச் செயல் கணக்கைச் சரிபார்ப்பது. தாளில் அச்சடித்த ரசீதைக் கண்ணால் படிப்பது அதைச் செய்யும் ஒரு முறை மட்டுமே.

இந்தப் பிரிப்பை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்பதற்கு நீதிபதி வேலையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அந்தக் கதை தமிழ்நாட்டில் தொடங்குகிறது. இங்கே சிவில் நீதிபதி பதவிக்கான அறிவிப்பு ஒன்றில் பார்வைக் குறைபாடு 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருப்பவர் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று வரம்பு வைத்திருந்தார்கள். அந்த வரம்புக்கு மேல் குறைபாடு இருந்த வழக்கறிஞர் ஒருவர் வழக்குப் போட்டார். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வரம்பு சரிதான் என்று அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. நீதிபதி ஆவணங்களைப் படிக்க வேண்டும், சாட்சியைப் பார்க்க வேண்டும் என்பது போன்ற காரணங்கள்.

இரண்டே ஆண்டில் அதே நீதிமன்றம், விகாஷ் குமார் வழக்கில், அந்தத் தீர்ப்பு நியாயமான ஏற்பாடு என்ற கோட்பாட்டைக் கணக்கில் எடுக்கவே இல்லை, அதனால் இனி அதை முன்னுதாரணமாகப் பின்பற்ற வேண்டியதில்லை என்றது. பிறகு 2024இல் மத்தியப் பிரதேசத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பார்வையற்ற பிள்ளை நீதிபதித் தேர்வு எழுத முடியாதபடி அந்த மாநில விதி தடுக்கிறது என்று ஒரு தாய் இந்தியத் தலைமை நீதிபதிக்கு எழுதியது. நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்டது. 2025 மார்ச் 3 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, பார்வையற்றவர்களை நீதித்துறைப் பணிக்குத் தகுதியற்றவர்கள் என்று சொல்ல முடியாது என்று தீர்ப்பளித்து, அவர்களை விலக்கிய விதியை ரத்து செய்தது. அந்தத் தாயின் கடிதம் இல்லாமல் அந்த வழக்கே இல்லை.

பார்வையில்லாமல் எப்படித் தீர்ப்புச் சொல்வது என்று இன்னமும் தோன்றினால், தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். குழந்தைப் பருவத்திலேயே பார்வையை இழந்த ஜாக் யாக்கூப் 1998 முதல் 2013 வரை அந்த நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தார். நம் சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெஃபைன் வங்கி அதிகாரியாக இருந்து, குடிமைப் பணித் தேர்வில் வென்று, 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முழுப் பார்வையின்மையோடு அந்தப் பணிக்கு வந்த முதல் நபர். அவர் படித்தவை பெரும்பாலும் ஸ்கிரீன் ரீடர் படித்துக் காட்டியவை, வீட்டார் வாசித்துக் காட்டியவை.

எந்தெந்த அரசுப் பணிகளுக்கு எந்தக் குறைபாடு உள்ளவர் பொருத்தம் என்று மத்திய அரசு 2021 ஜனவரி 4 அன்று 3,566 பணிகளைப் பட்டியலிட்டது. விண்ணப்பிப்பவர்கள் பட்டியலில் பெயர் இல்லையே என்று சோர்ந்துவிட வேண்டாம். இது முழுமையான பட்டியல் இல்லை, விட்டுப்போனதால் அந்தப் பணிக்கு விலக்கு என்று பொருள் கொள்ளக் கூடாது என்று அறிவிப்பிலேயே இருக்கிறது.

தனியார் நிறுவனம் என்றால்?

இங்கே சட்டத்தின் பிடி தளர்ந்துவிடுகிறது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 4% ஒதுக்கீடு அரசு நிறுவனங்களுக்கு மட்டும். பணியாளர்களில் 5% மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளும் தனியாருக்கு அரசு தன் பொருளாதார வசதிக்கு ஏற்ப ஊக்கச் சலுகை தர வேண்டும் என்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது. வேலையில் பாகுபாடு கூடாது, ஏற்பாடு செய்து தர வேண்டும் என்ற 20ஆம் பிரிவும் அரசு நிறுவனத்தைப் பார்த்துத்தான் பேசுகிறது.

ஆனாலும் கையில் ஒரு பிடி இருக்கிறது. 21ஆம் பிரிவின்படி ஒவ்வொரு நிறுவனமும், தனியார் உட்பட, சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் அதில் எந்தெந்தப் பணிக்கு மாற்றுத்திறனாளிகளை எடுக்கலாம், என்ன வசதி செய்வோம், தொடர்பு அலுவலர் யார் என்பதெல்லாம் இருக்க வேண்டும். நேர்காணலுக்குப் போகும் முன் அந்தக் கொள்கையைக் கேளுங்கள். பல இடங்களில் அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்பதே நீங்கள் கேட்ட பிறகுதான் தெரியவரும்.

தனியார் முதலாளிகள் செலவை நினைத்துத்தான் தயங்குகிறார்கள். கணக்கைப் பார்ப்போம். ஸ்கிரீன் ரீடர் இலவசம். விண்டோஸிலேயே உருப்பெருக்கி இருக்கிறது, ஆண்ட்ராய்டு போனில் திரையை வாசிக்கும் டாக்பேக் இருக்கிறது. கூட்டத்தில் படக்காட்சி ஓடும்போது "இதோ இங்கே பாருங்க" என்பதற்குப் பதில் "விற்பனை மார்ச்சில் ஏறியிருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்வதற்குக் காசு கிடையாது. கோப்பை யூனிகோடில் அனுப்ப, நாற்காலியை நடைபாதையில் விடாமல் உள்ளே தள்ளி வைக்க, சேர்ந்த முதல் வாரம் அலுவலகத்தை ஒரு சுற்றுக் கூட்டிப்போய்க் காட்டப் பணமே தேவையில்லை.

மறுத்தால் எங்கே போவது

அரசு நிறுவனமென்றால் அங்கேயே குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். புகாரைப் பதிவேட்டில் ஏற்றி இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். திருப்தியில்லை என்றால் மாவட்ட அளவிலான குழு. அதற்கும் மேலே மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர், மத்திய அரசு தொடர்பானதென்றால் தலைமை ஆணையர். ஆணையருக்கு ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. அவர் சொல்வது பரிந்துரைதான் என்றாலும் ஏற்க மறுப்பவர் மூன்று மாதத்துக்குள் காரணம் சொல்ல வேண்டும். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. யூடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை), சான்று போன்றவற்றுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம்.

எங்கே போனாலும் எழுத்தில் கேட்ட கடிதமும் எழுத்தில் வந்த மறுப்பும்தான் உங்கள் பலம். வாய்மொழியாகச் சொன்ன "பார்க்கலாம்" எந்த விசாரணையிலும் நிற்காது. அண்ணன் அந்த ஒட்டுப்போட்ட சுற்றறிக்கையை ஊர் ஊராகச் சுமந்தது அதனால்தான்.

வேலையில் இருக்கும்போது பார்வை போனால்

கடைசியாக ஒன்று. வேலை தேடுபவர்களைப் பற்றியே பேசினோம். சர்க்கரை நோயாலோ கண்நீர் அழுத்தத்தாலோ நாற்பது வயதுக்கு மேல் பார்வை மங்குபவர்கள் நம் எல்லோர் வீட்டுப் பக்கமும் இருக்கிறார்கள். இத்தனை ஆண்டு பார்த்த வேலையை இனிப் பார்க்க முடியாது என்று தோன்றியதும், அலுவலகத்துக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். சில இடங்களில் எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

2016 சட்டத்தின் 20(4) பிரிவு இதைப் பற்றியது. பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்ட ஊழியரை அரசு நிறுவனம் வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலைக்குப் பொருந்தாவிட்டால் அதே சம்பளம், அதே சலுகைகளோடு வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அப்படி ஒரு பணி உடனே இல்லையென்றால், அது கிடைக்கும் வரையோ ஓய்வு வயது வரையோ, அவருக்கென்றே கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கி அதில் வைத்திருக்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்த அரசு ஊழியர் யாராவது இந்த நிலையில் இருந்தால், ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு இந்தப் பிரிவை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.